பென்சில் டிக் போட்ட இடங்கள்

தென்காசி,
06.07.2025

காந்திமதிநாதனுக்கு,

வேன் டிரைவர் சுடலையாண்டி எழுதுவது. 'அன்புள்ள மச்சான்' என்று தொடங்கி ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். வெறும் 'மச்சான்' என்று தொடங்கி இன்னொன்றையும் கிழித்தேன். உன் தங்கச்சிக்கும் எனக்கும் கோர்ட்டில் தீர்ந்து ஏழு வருஷம் ஆன பிறகும் உன்னை நான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இனி அது வராது போலிருக்கிறது. பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் நம்பரை நீ பிளாக் பண்ணி மூன்று மாதம் ஆகப்போகிறது. உன் மஸ்கட் கம்பெனியின் தபால் பெட்டி எண், நீ உன் அப்பாவுக்கு அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். தபால்காரனை பிளாக் பண்ண முடியாது பார்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை முற்றி, போன மாதம் திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆனது. நான்தான் வேனில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தேன். உன் பொண்டாட்டி இசக்கிசெல்வி இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக எங்கே அலைவாள்? சொட்டு மருந்து நான்கு வேளையும் ஒழுங்காக விடுகிறாள். மாமாவுக்கு இப்போது பஸ் போர்டு தூரத்திலேயே தெரிகிறது. சின்னவனுக்குப் பல் விழுந்து முளைக்கிறது. உன் வீட்டு மாடியில் ஒழுகிய இடத்தைக் கொத்தனாரை வைத்துப் பூசச் சொல்லிவிட்டேன். சீசன் இந்த வருஷம் வைகாசியிலேயே தொடங்கிவிட்டது. மூன்று நாள் அருவியில் குளிக்க விடுகிறார்கள், இரண்டு நாள் வெள்ளம் என்று தடை போடுகிறார்கள். வண்டி ஓடுகிறது, குறையில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ஸ்ரீவித்யா, மாதாமாதம் பணம் கட்டச் சலித்துப்போய் அப்பா தன்னை எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அங்கே நம்பிக்கொண்டிருக்கிறாள். பதினொரு வயதுப் பிள்ளை. அந்த நினைப்பை அவள் மனசில் போட்டவன் நீ. அதை எடுக்க வேண்டியவனும் நீதான். இந்தக் கடிதம் அதற்காக மட்டும்தான். ஆனால் கேட்பதைக் கேட்பதற்கு முன்னால், நீ செய்ததை நீயே ஒரு தடவை வரிசையாக வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

மஞ்சுவும் நானும் பிரிந்தபோது பாப்பாவுக்கு நான்கு வயது. ஏன் பிரிந்தோம் என்பதில் என் வாய்க்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும், அப்பன் மாதம் ஆறாயிரம் கட்டட்டும், வருஷத்துக்கு ஐநூறு ஏறட்டும், முதல் ஞாயிறும் பங்குனி உத்திரமும் பிள்ளை அப்பனோடு என்று தீர்ப்பானது. ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி, மஞ்சுவின் கணக்கில் ஏறிவிடும். கொரோனாவில் அருவிக்கரை முழுக்கப் பூட்டிக் கிடந்ததே, அப்போது வேனில் சீட்டைக் கழற்றிவிட்டுக் கடையத்திலிருந்து கத்தரிக்காய் ஏற்றினேன். நீதான் சொன்னாய், "ஏலே, கோர்ட்டே பூட்டிக் கெடக்கு, ஒனக்கு மட்டும் என்னல வந்துச்சு, ரெண்டு மாசம் விட்டுப் பிடியேன்" என்று. நான் விடவில்லை. அந்தப் பணம் எனக்கு அபராதம் இல்லை, மச்சான். மாதத்தில் ஒரு நாள், நானும் அவளுக்கு அப்பன்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிற நாள் அது.

பார், 'மச்சான்' என்று எழுதிவிட்டேன். அடிக்க மனசில்லை, இருக்கட்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு மஞ்சுவை பண்பொழிக்காரர் பரமசிவனுக்குக் கட்டி வைத்தீர்கள். மஸ்கட்டில் அலுமினிய ஜன்னல் செய்கிற கம்பெனி, நல்ல மனுஷன் என்றார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் நன்றாக இருக்கட்டும் என்று உன்னிடமே சொன்னேன். மஞ்சு அங்கே போனாள், பாப்பா தாத்தாவிடம் இருந்து தென்காசியில் படித்தாள். முதல் ஞாயிறு தவறாமல் நான் வருவேன், வேனில் முன் சீட்டில் அவள் உட்காருவாள், யாராவது அங்கே உட்கார வந்தால் "இது டிரைவர் மக சீட்டு" என்று சொல்வாள்.

போன வருஷம் ஆனி மாதம், சீசன் கொதித்துக்கொண்டிருந்த நேரம், ஐந்தருவி ஸ்டாண்டுக்கு ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு நீ வந்தாய். "மாப்ளே, பாப்பாவுக்கு விசா எடுக்கணும். அப்பனுக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுக்கணுமாம். ரெண்டு மாசம் அவ அம்மாகிட்ட இருந்துட்டு வரட்டும்ல" என்றாய். அவள் விமானத்தில் போவாளே என்று எனக்கு உன்னைவிடக் குதியாட்டம். சவாரியை ஸ்டாண்டு டிரைவர் மாரியிடம் மாற்றிவிட்டு உன் பின்னால் வந்தேன்.

பதினைந்து வருஷமாக என் வண்டிக் காகிதமெல்லாம் நீதானே பார்த்தாய்? ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வெளியே புங்க மரத்தடியில் உன் மேஜை. எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், லோன், எதுவானாலும் நீ பென்சிலால் ஒரு டிக் போட்டு நீட்டுவாய், நான் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவேன். நான் மட்டுமா, ஸ்டாண்டில் உள்ள அத்தனை டிரைவரும் அப்படித்தான். என்ன எழுதியிருக்கிறது என்று எவன் வாசித்தான்? டிக் எங்கே என்றுதான் தேடுவோம். வேலை முடிந்ததும் நீ ரப்பரால் அழித்துவிடுவாய். உன் டிக் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

அன்றும் நோட்டரி வக்கீல் அறையில் முழுக்க இங்கிலீஷில் அடித்த காகிதம், பதினோரு டிக். வக்கீல், "வாசிச்சுப் பாத்தீரா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு முன்னால் நீ, "எல்லாம் சொல்லியாச்சு சார்" என்றாய். நானும் தலையை ஆட்டினேன். பதினோரு இடத்திலும் போட்டேன். கீழே வந்து உனக்கு டீயும் இரண்டு ரசவடையும் வாங்கிக் கொடுத்தேன். நினைத்தால் என் கையிலேயே நான் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சவத்து மூதி, வடை வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்!

இரண்டு மாதம் என்றது, அங்கே பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வருஷம் ஆனது. அவள் படிப்புக்கு நான் குறுக்கே நிற்கவா என்று அதற்கும் சரி என்றேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீடியோவில் முகம் பார்த்துக்கொண்டோம். ஐப்பசியில் நீ போன் பண்ணி, "விசாவை நீட்டிக்கணும் மாப்ளே. ஆபீஸ்ல இருந்து யாராவது கேட்டா சம்மதம்னு மட்டும் சொல்லு. கேள்வி கேட்டேன்னா பைலைத் தூக்கி ஓரமா வச்சிருவான்" என்று சொல்லிக் கொடுத்தாய். மறுநாளே போன் வந்தது. பழைய குற்றாலம் ஏற்றத்தில் போய்க்கொண்டிருக்கிறேன், வண்டிக்குள் பதினான்கு பேர் கும்மாளம். ஸ்ரீவித்யா விஷயமாக நீங்கள் கொடுத்த சம்மதம் முழு மனசோடு கொடுத்ததுதானா என்று ஒருவர் கேட்டார். "ஆமா சார், முழு மனசோட சம்மதம்தான் சார்" என்று நான் கத்தினேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னொரு தடவை கத்தினேன். அவர் பேரில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கேட்கத்தான் செய்தார்.

தைக்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் போன் நின்றது. பரீட்சை என்றாய். உத்திரத்துக்கு வருவாளா என்றேன், லீவு இல்லை என்றாய். அந்த உத்திரத்தன்று காலையில் நான் சவாரி எடுக்கவில்லை. கடையத்துக்கு மேற்கே எங்கள் குலசாமி சாஸ்தா கோவிலில் ஒற்றை ஆளாகப் பொங்கல் விட்டு, அவள் பேருக்கு அர்ச்சனை செய்தேன். பூசாரி, "இனிஷியல் என்ன?" என்றார். "சு. ஸ்ரீவித்யா" என்றேன்.

சாயங்காலம் ஒரு புனலூர்க் குடும்பம், பண்பொழி மலைக்கோவிலுக்குப் போக வேண்டும் என்று வந்தது. பண்பொழிக்குள் நுழைகிற வளைவில் ஒரு ஆள் உயர பிளெக்ஸ் போர்டு. பட்டுப்பாவாடையில் என் மகள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். 'எங்கள் குலக்கொழுந்து ப. ஸ்ரீவித்யா காதணி விழா, அனைவரும் வருக.' கீழே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீ. 'தாய்மாமன்' என்று தங்க எழுத்து. பிரேக்கை மிதித்த மிதியில் முன் சீட்டுப் பெரியவர் கண்ணாடியில் முட்டப் பார்த்தார். "எந்து பற்றி சேட்டா?" என்று அவர் கேட்கிறார். எனக்கு என்ன ஆனது என்று நான் அவருக்கு எந்தப் பாஷையில் சொல்ல?

காந்தி, குத்தின காதிலேயே எதைக் குத்தினீர்கள்? ஒரு வயதில் எங்கள் சாஸ்தா கோவிலில் உன் மடியில் வைத்துத்தானே அவளுக்குக் காது குத்தினோம்? உன் சட்டையெல்லாம் எச்சிலாக்கி அழுதாள். ஆசாரி, "தாய்மாமன் கெட்டியாப் பிடியும் வே" என்று உன்னை அதட்டினார். உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, மூக்குச்சளி என்று சமாளித்தாய். அதே மடிதானே இதுவும்? அப்பன் வழிச் சாஸ்தாதான் பிள்ளைக்கும் சாஸ்தா. அப்பனை மாற்றியதால் சாஸ்தாவை மாற்றினீர்கள், சாஸ்தாவை மாற்றியதால் காதையும் மறுபடி குத்த வேண்டியதாயிற்று. அவள் கேட்டிருப்பாளே, எனக்குத்தான் ஏற்கெனவே குத்தியிருக்கிறதே என்று. என்ன பதில் சொன்னாய்?

புனலூர்க்காரர்களை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு மண்டபத்துக்கு ஓடினேன். அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதாம். பந்தியில் நின்ற ஒருவர் என்னை விருந்தாளி என்று நினைத்து, "சாப்பாடு முடிஞ்சிட்டு அண்ணாச்சி, பையாவது வாங்கிட்டுப் போங்க" என்று ஒரு தாம்பூலப் பையைக் கையில் கொடுத்தார். பையில் ஒரு தேங்காய், வெற்றிலை, பாக்கு. பையின் மேல் அச்சடித்திருந்தது, ப. ஸ்ரீவித்யா. பெற்ற மகள் விசேஷத்தில் எனக்குக் கிடைத்த பங்கு அது. வீட்டில் ஆணியில் தொங்குகிறது. தேங்காயை உடைக்க எனக்குக் கை வரவில்லை.

அன்று ரோட்டோரம் நின்று உனக்கு எத்தனை தடவை அடித்தேன் என்று உன் போன் சொல்லும். பிறகு அடிப்பதே நின்றது, நீதான் அடைத்துவிட்டாயே.

மே ஐந்தாம் தேதி போட்ட ஒன்பதாயிரம், கணக்கு மூடியாகிவிட்டது என்று திரும்பி வந்தது. அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ். தை மாதம் ஆன தத்து உத்தரவின்படி குழந்தைக்குச் சட்டப்படித் தகப்பனார் பரமசிவன், ஆகையால் ஜீவனாம்சம் கட்டும் பொறுப்பு தங்களுக்கு இல்லை, பார்க்கும் உரிமையும் இல்லை. உத்தரவுக்குப் பிறகு நான் கட்டிய மூன்று மாதப் பணத்துக்கு இருபத்தேழாயிரத்துக்கு ஒரு செக்கும் வைத்திருந்தார்கள். ரொம்ப நியாயமான ஆட்கள்.

ஸ்டாண்டில் விஷயம் பரவியது. நல்லதம்பி அண்ணாச்சி என் முதுகில் தட்டி, "ஏல சுடலை, ஒனக்கு யோகம்லா! இன்னும் ஏழு வருசம் அழ வேண்டிய துட்டு. புது வண்டிக்கு அட்வான்ஸ் போடுல" என்றார். மாரி பரோட்டா வாங்கிக் கொடு என்று நச்சரித்தான். வாங்கிக் கொடுத்தேன். என்ன சொல்லி மறுக்க? எனக்கு மகள் இல்லை என்று ஆகிவிட்டதற்கு நான்கு பேர் சந்தோஷமாகச் சால்னா ஊற்றிச் சாப்பிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கட்டுகிற பணத்தை மட்டும் பார்த்தார்கள், அதன் மறு முனையில் யார் இருக்கிறாள் என்று பார்க்கவில்லை.

வக்கீல் சுகிர்தம் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நகல் வாங்கிப் படித்துக் காட்டினார். பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் பெற்றவன் கட்டியே தீர வேண்டுமாம், கையை விட்டுக் கை மாறினாலும் அந்தப் பொறுப்பு போகாதாம். "ஆனா நீங்க குடுத்தது வளர்க்கிறதுக்கு இல்ல அண்ணாச்சி, தத்துக்கு. பொறுப்பும் போச்சு, உறவும் போச்சு. ரெண்டும் ஒரே கையெழுத்துலதான் போகும்" என்றார். பதினோரு இடத்திலும் என் கையெழுத்து வடிவாக இருக்கிறது. பக்கத்தில் நீ டிக்கை அழித்த தடம்கூட நகலில் லேசாகத் தெரிகிறது. ஏமாற்றி வாங்கிய சம்மதம் என்று வழக்குப் போடலாம், ஜெயிக்க வழியும் உண்டு என்றார். ஆனால் பிள்ளையைக் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, உனக்கு எந்த அப்பா வேண்டும் என்று கேட்பார்களாம். வக்காலத்துப் படிவத்தை வாங்கி வந்து வைத்திருக்கிறேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

திரும்பி வந்த ஒன்பதாயிரத்தை அவள் பேரில் போட்டு வைக்கலாம் என்று போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "பிள்ளைக்கு நீங்க யாரு, கார்டியனா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள், படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். கடைசியில் என் பேரிலேயே மாதச் சேமிப்பு ஒன்று தொடங்கினேன், அதே ஒன்பதாயிரம், அதே ஐந்தாம் தேதி. எனக்குப் பிறகு யாருக்கு என்ற இடத்தில் ஸ்ரீவித்யா என்று எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் மகள் என்று எழுதினேன். அதற்கு மட்டும் அந்தக் கவுண்டர்ப் பெண் ஒரு காகிதமும் கேட்கவில்லை.

இதையெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன். பரமசிவன் கம்பெனியில் உனக்கு வேலையும் விசாவும் கிடைத்தது எதற்கு என்பதும் எனக்கு இப்போது புரிகிறது. இரண்டு பிள்ளைக்காரன், மரத்தடி மேஜையில் எத்தனை நாள் ஓட்டுவாய்? கேட்டிருந்தால் நானே உனக்கு வழி விட்டிருப்பேனோ என்னவோ. கேட்காமல் எடுத்தாயே என்பதுதான் தாங்கவில்லை. சரி, அதையும் விடு.

பன்னிரண்டு நாளுக்கு முன்பு பரமசிவன் கூப்பிட்டார். ஐந்தருவியில் வண்டிக்குள் இருக்கிறேன், வெளியே மழை. "அண்ணாச்சி, பிள்ள ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்கா" என்றார். அந்த மனுஷன் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டதிலேயே தெரிந்துவிட்டது, நான் மனசறிந்து கொடுத்ததாக அவருக்கும் நீ கதைதான் சொல்லியிருக்கிறாய் என்று. பிறகு அவள் குரல். "அப்பா, மாசாமாசம் துட்டு கட்ட முடியலன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்கன்னு மாமா சொன்னாங்க. நெசமாப்பா?" என்று கேட்டாள்.

இல்லை, உன் மாமா என்னை ஏமாற்றினான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்தில் பரமசிவன் நிற்கிறார். நான் வாயைத் திறந்தால் பொழுது விடிவதற்குள் உன்னை விமானம் ஏற்றியிருப்பார். இசக்கிசெல்வி மாமாவுக்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தது எனக்கு முன்னால் வந்து நின்றது. மஞ்சுவுக்கு இது எவ்வளவு தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது. அந்தக் காகிதத்தை அவளும் உன்னை நம்பித்தான் வாங்கினாளா? கேட்கப் பயமாக இருக்கிறது. அவளும் சேர்ந்து செய்தாள் என்று தெரிந்தால், பாப்பா எந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்குவாள்?

அதனால் நான், "சாப்டியாம்மா?" என்று கேட்டேன். பெரிய கெட்டிக்காரன் மாதிரி. அவள் "சரிப்பா" என்றாள். போனைக் கொடுத்துவிட்டாள். அந்த 'சரிப்பா'வை நீ கேட்டிருக்க வேண்டும், காந்தி. என் மகள் என்னை விட்டது அந்த இடத்தில்தான், பதினோரு டிக்கில் இல்லை.

மாமாவுக்கும் நீ பொய்தான் சொல்லியிருக்கிறாய். பெண்பிள்ளைகள் இரண்டாவது ஓட்டை போடுவது இப்போது பேஷன், சுடலைக்கும் சொல்லியாச்சு என்று சொன்னாயாமே? கண் மங்கிய மனுஷர், பிளெக்ஸ் போர்டை அவர் எங்கே வாசித்தார்? கண் தெளிந்து என் வீட்டுக்கு வந்தவர், ஆணியில் தொங்கிய பையைத்தான் முதலில் வாசித்தார். பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதப் பாக்கவாய்யா என்னைய திருநவேலிக்குக் கூட்டிட்டுப் போன?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து உன் போனை அவர் எடுப்பதில்லை. டவர் கிடைக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். பாப்பாவை உட்கார வைத்து, உன் வாயால் சொல்ல வேண்டும். உன் அப்பா தெரியாமல் கையெழுத்துப் போட்டார், தெரியாமல் போட வைத்தவன் நான், பணம் கட்ட மாட்டேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. இவ்வளவுதான். ஐந்து நிமிஷம் ஆகாது. நான் சொல்லலாமே என்பாய். நான் சொன்னால், தப்புச் செய்தவன் தப்பிக்கப் பேசுகிறான் என்று இருக்கும். பொய் சொன்ன வாயே சொன்னால்தான் பிள்ளை நம்பும். பரமசிவனிடம் எப்படிச் சொல்வாய், எப்போது சொல்வாய் என்பது உன் பாடு. அவருக்கு நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

ஆடி முடிகிற வரை காத்திருப்பேன். நீ சொல்லிவிட்டால் வக்காலத்தைக் கிழித்துப் போடுகிறேன். அவள் அங்கேயே படிக்கட்டும், ப. என்றே எழுதட்டும், எனக்கு வழக்கு வேண்டாம். மாதம் ஒன்பதாயிரம் கட்டுகிற பாத்தியதையை மட்டும் யாராவது எனக்குத் திருப்பித் தந்தால் போதும். சொல்லவில்லை என்றால் ஆவணி முதல் தேதி சுகிர்தம் அம்மா ஆபீஸ் படியில் நிற்பேன். அப்போது கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் நீ சொல்ல வேண்டி வரும், அவளும் அங்கே நிற்பாள். உன் மடியில் இரண்டு தடவை உட்கார்ந்த பிள்ளை. அவளை அங்கே நிற்க வைக்காதே, காந்தி. உன் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்.

அந்த இருபத்தேழாயிரம் செக்கை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கூடவே என் பாங்க் பாஸ்புத்தகம் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் பணம் போட்ட 2018 ஜூலையிலிருந்து இந்த ஏப்ரல் வரை எண்பத்திரண்டு மாதம். ஒவ்வொரு ஐந்தாம் தேதிக்கு நேராகவும் பென்சிலால் ஒரு டிக் போட்டிருக்கிறேன். உன்னிடம் கற்றுக்கொண்டதுதான். அதை பாப்பா கையில் கொடு. கணக்கில் அவள் கெட்டிக்காரி, விட்டுப்போன மாதம் இருக்கிறதா என்று அவளே தேடட்டும்.

டிக் போட்ட இடத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டாம். வாசித்தால் போதும்.

நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் சாஸ்தாவை வேண்டிக்கொள்ளும்,

சு. ஸ்ரீவித்யாவின் அப்பா,
சுடலையாண்டி